வின்னி பிரெஸ்லினின் இடது கை

வெள்ளரிக்காய் ஊறுகாய் தீர்ந்த பிறகு ஜாடியில் மிஞ்சும் உப்புத் தண்ணீரை வின்னி பிரெஸ்லின் கொட்டுவதில்லை. அதைச் சட்டியில் ஊற்றி நிலக்கரி அடுப்பின் மேல் வைத்து, கை பொறுக்கும் சூடு வந்ததும் இறக்கி, இரண்டு கைகளையும் மணிக்கட்டு வரை முக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காலைக் காப்பி அதற்குப் பிறகுதான். அந்த நேரத்தில் உள்ளூர் வானொலியில் மரண அறிவிப்புகள் வாசிப்பார்கள். கை நனைந்திருப்பதால், உள்ளே வருபவர் யாராக இருந்தாலும் அவருக்கு முதல் வேலை வானொலியின் சத்தத்தைக் கூட்டுவது. "யார் போனாங்கன்னு தெரியாம எப்படிக் காப்பி இறங்கும்?" என்பார். வாசித்து முடிந்ததும், "இன்னைக்கும் நம்ம பேர் இல்ல" என்று கைகளை உதறிவிட்டு எழுந்திருப்பார்.

உப்பு நீரில் ஊறினால் தோல் தடிக்கும். தடித்த தோல் இருந்தால்தான் சுவர்ப்பந்து ஆடலாம். கையுறை கிடையாது, மட்டை கிடையாது. இறுகிய ரப்பர் பந்தை வெறும் உள்ளங்கையால் கல்சுவரில் அறைய வேண்டும். எழுபது கடந்த பெண்ணுக்கு இது என்ன வேலை என்று எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை. வெளியூர் மருத்துவர் ஒருவர் கேட்டிருக்கிறார். "நீங்க பந்து அடிக்கிறதில்லையா? பாவம், வேற என்ன பண்ணுவீங்க?" என்று அவரையே விசாரித்துவிட்டு வந்தார் வின்னி.

என் மனைவி ஊனாவுக்கு அவர் பெரியம்மா. எனக்கு அத்தை. என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட இப்போது இருப்பது அவர் ஒருவர்தான்.

அவருடைய வலது கையின் ஆள்காட்டி விரல் நிமிராது. சட்டைத் தொழிற்சாலையில் கழுத்துப்பட்டி தைத்த காலத்தில் தையல் ஊசி விரலின் குறுக்கே புகுந்து எலும்பில் ஒடிந்து நின்றது. ஆனால் ஆட்டம் வலது கையில் இல்லை. பள்ளிக்கூடத்தில் இடது கையால் எழுதக் கூடாது என்று கன்னியாஸ்திரீகள் அந்தக் கையை முதுகுப்பக்கம் கட்டி வைத்தார்களாம். "எழுதத்தான் கூடாதுன்னாங்க. செவுத்துல அறையக் கூடாதுன்னு யாரும் சொல்லல." அந்த நாளிலிருந்து, எழுத்து வலது கைக்கு, கோபம் இடது கைக்கு என்று பிரித்துக் கொடுத்துவிட்டார்.

சுவர் நிற்பது இரண்டு குடியிருப்புகளுக்கு நடுவில். பென்சில்வேனியாவின் இந்த மலை மடிப்பில் சுரங்கக் கம்பெனி கட்டிப்போட்ட லைன் வீடுகள் இரண்டு தொகுதி. மேலே இருப்பது எங்கள் ஷான்லி மேடு. கீழே இருப்பது ஒன்பதாம் நம்பர். இரண்டிலும் குடிவந்தவர்கள் அயர்லாந்தின் டொனிகால் பக்கத்துக் குடும்பங்கள். அங்கே பக்கத்துப் பக்கத்துக் கிராமங்கள், இங்கே வந்து பகையாளிகள். சுரங்கத்திலிருந்து கரியோடு வந்த பாறையைச் சுமந்து வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில், பூசை முடிந்த கையோடு இரண்டு லைன்காரர்களும் சேர்ந்து அந்தச் சுவரை எழுப்பினார்கள். சேர்ந்து செய்த காரியம் அது ஒன்றுதான் என்பார்கள். இடது கீழ்மூலையில் ஒரு கல் உள்வாங்கி இருக்கிறது. அதில் பட்ட பந்து துள்ளாது. அப்படியே காலடியில் விழுந்து உருளும். அதற்கு விதவைக் கல் என்று பெயர்.

சுரங்கத்தின் ஊதல் நேரம் தவறி ஊதினால் பெண்கள் எல்லாரும் வாசலுக்கு வந்துவிடுவார்களாம். கம்பெனியின் கறுப்பு வண்டி மேட்டில் ஏறி வரும். எந்த வாசலில் நிற்கிறதோ அந்த வீட்டில் சாவு. வின்னிக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஊதல் நண்பகலுக்கு முன்பே ஊதியது. "அம்மா கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. வண்டி எங்களைத் தாண்டிப் போயிடும்னு அதோட சக்கரத்தையே பார்த்துக்கிட்டு இருந்தா. தாண்டல." அப்பா ஹியூயி பிரெஸ்லின் மேல் கூரைப் பாறை சரிந்திருந்தது. இதைச் சொல்லும்போது வின்னி எப்போதும் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டோ, ஏதாவது மடித்துக்கொண்டோ இருப்பார். சும்மா உட்கார்ந்து சொல்லி நான் கேட்டதில்லை.

கொஞ்ச காலத்தில் சுரங்கத்தையும் மூடிவிட்டார்கள். ஆண்கள் பக்கத்து மாநிலத்துக் கார்த் தொழிற்சாலைகளுக்குப் போய், சனிக்கிழமைகளில் மட்டும் வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் ஆனார்கள். வார நாள்களில் சுவர் காலியாகக் கிடந்தது. மேட்டுப் பெண்பிள்ளைகள் அதை எடுத்துக்கொண்டார்கள். "கம்பெனி எங்களுக்குக் குடுத்துட்டுப் போன சொத்து அது ஒண்ணுதான். அதையும் தெரிஞ்சு குடுக்கல" என்பார் வின்னி.

பந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆடும் பந்து கடையில் வாங்குவது. நான் சொல்வது பழைய பந்து. அதன் நடுவில் இருப்பது சதுப்பில் புதைந்து கறுத்த ஓக் மரத் துண்டு, நிலக்கரியாக ஆரம்பித்துப் பாதியில் நின்றுபோன மரம். டொனிகாலிலிருந்து யாரோ கால்சட்டைப் பையில் போட்டுக் கொண்டுவந்தது. யாருடைய பை என்பதில் இரண்டு லைன்களுக்கும் இன்னும் வழக்கு தீரவில்லை. மரத்தின் மேல் கம்பளி நூல் சுற்றி, அதன் மேல் தோல் தைத்திருக்கும். செப்டம்பரில் தொழிலாளர் தினத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். முதல் அடி மட்டும் பழைய பந்தால். பிறகு அதைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு, கடைப் பந்தில் ஆடுவார்கள். ஜெயித்த லைன் பழைய பந்தின் தோலைப் பிரித்து, தங்கள் லைனில் அந்த ஆண்டு இறந்தவர்களின் கம்பளி ஆடை ஒன்றிலிருந்து ஒரு முழ நூல் உருவி, சுற்றித் தைத்து, அடுத்த ஆட்டம் வரை வைத்துக்கொள்ளும். தோற்ற லைனின் சாவுகளுக்கு அந்த ஆண்டு இடமில்லை.

ஹியூயி பிரெஸ்லின் இறந்த ஆண்டு மேடுதான் ஜெயித்தது. அவருடைய காலுறை நூல் உள்ளே இருக்கிறது. வின்னியின் அம்மா இறந்தது முப்பது ஆண்டுகளுக்கு முன். அந்த ஆண்டு செப்டம்பரில் மேடு தோற்றது. அதன் பிறகு ஜெயிக்கவே இல்லை. பந்து ஒன்பதாம் நம்பரில், பார்னி டர்கினின் மதுக்கடை அலமாரியில், கண்ணாடிக் குப்பிகளுக்கு நடுவில் இருந்தது. "அப்பா உள்ள இருக்கார், அம்மா பிஸ்கட் டப்பால இருக்கா. இது ஒரு குடித்தனமா?" என்று கேட்பார் வின்னி. தோற்ற ஆண்டுகளிலும் மேட்டில் யார் இறந்தாலும் ஒரு முழ நூலை உருவி, முந்தையவருடைய நூலோடு முடிச்சுப் போட்டு, உருண்டையாக அந்த டப்பாவில் சேர்த்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரியில் ஊனாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று மாலை, வேகவைத்த பன்றித்தொடையும் முட்டைக்கோசும் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். சாப்பிடு என்றோ அழு என்றோ சொல்லவில்லை. "கம்பளியில ஏதாவது குடு, மாப்பிள்ளை" என்றார். ஊனாவின் நீலக் கழுத்துத்துணியைக் கொடுத்தேன். ஓரத்தைப் பல்லால் கடித்து, விரலிலிருந்து முழங்கை வரை ஓர் அளவு உருவிக்கொண்டு, துணியை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "இந்தத் தடவை ஜெயிச்சுடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒவ்வொரு சாவு வீட்டிலும் அவர் சொல்லும் வார்த்தை அது.

இருவர் சேர்ந்து ஆடும் ஆட்டம் அது. போன ஆண்டு வரை அவருக்கு ஜோடியாக ஆடிய டெஸ்ஸி கூரன் இடுப்பு எலும்பு மாற்றி, மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். மேட்டில் மிஞ்சியிருப்பவர்களில் குனிந்து நிமிரக் கூடியவர்களை எண்ண ஒரு கை போதும். வின்னி எண்ணவில்லை. தன் சமையலறைச் சுவரை அடுப்புக் கம்பியால் தட்டினார்.

எங்கள் வீடுகள் ஒரே கூரையின் கீழ் இரட்டையாக ஒட்டியவை. வின்னியின் மறுபாதியில் குடியிருப்பவள் யுதெல்கா. கரீபியன் கடலின் டொமினிக்கன் நாட்டுக்காரி. நெடுஞ்சாலை ஓரத்துக் கிடங்கில் இரவு வேலை. அவளும் வின்னியும் அந்த நடுச்சுவர் வழியாகத்தான் பாதிப் பேச்சைப் பேசிக்கொள்வார்கள். ஒரு தட்டுக்கு அடுப்பைப் பார் என்று பொருள். இரண்டு தட்டுக்குப் பாட்டைக் குறை. மூன்றுக்குக் காப்பி. தன் ஊரில் இவள் தெருவில் பந்தெறிந்து வளர்ந்தவள். தோள் இரும்பு. கோடை முழுவதும் இருவரும் சுவரடியில் நின்றார்கள். "ஏ கிழவி, நீ ஓடவே மாட்டேங்கிற" என்று அவள் கத்துவது என் வீடு வரை கேட்கும். "பந்து ஓடுதுல்ல, அது போதாதா?" என்பார் வின்னி.

ஆட்ட நாள் அன்று உருளைக்கிழங்கு அடையின் எண்ணெய் வாசனை சுவர் வரை வந்தது. ஒன்பதாம் நம்பருக்கு வழக்கம்போல் பார்னி டர்கினும் அவர் மருமகன் கீத்தும். பார்னிக்கு அறுபத்தெட்டு வயது. ஓட மாட்டார், நின்ற இடத்திலிருந்தே பந்தை ஊசி கோத்த மாதிரி வைப்பார். வெயிலிலும் பழுப்புக் கம்பளிக் குல்லாய் போட்டிருந்தார். அவர் மனைவி ரோசலீன் பின்னியது. தவக்காலத்தில் அவள் இறந்ததிலிருந்து அவர் அதைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை.

யுதெல்கா கோட்டுக்கு வந்து நின்றதும் பார்னி பந்தைத் தூக்கவில்லை. இவளை ஆட விட முடியாது என்றார். டர்கின் இல்லை, பிரெஸ்லின் இல்லை, கூரன் இல்லை, இவள் யார் என்று கேட்டார். ஒன்பதாம் நம்பர்க் கூட்டம் தலையாட்டியது. உண்மையைச் சொன்னால் எங்கள் கூட்டத்திலும் இரண்டு மூன்று தலைகள் ஆடின.

"இது அயர்லாந்து ஆட்டம், வின்னிக்கா" என்றார் பார்னி.

"நீ அயர்லாந்தைப் பார்த்திருக்கியாடா?"

"நான் பார்க்கல. எங்க தாத்தா..."

"உங்க தாத்தாவும் பார்க்கல. ஒன்பதாம் நம்பர்ல பொறந்து ஒன்பதாம் நம்பர்ல செத்தவர். நானும் பார்க்கல. இங்க பார்த்தவன் ஒருத்தன் இருந்தாக் கையைத் தூக்கட்டும், நாங்க வீட்டுக்குப் போறோம்."

ஒரு கையும் எழவில்லை. விதி என்ன, சொல்லு என்றார் வின்னி. விதி எல்லாருக்கும் தெரியும். பந்தயப் பணம் புரண்ட காலத்தில் இரண்டு லைன்களும் பெரிய நகரத்திலிருந்து கூலிக்கு ஆட்டக்காரர்களை இறக்கியபோது பாதிரியார் முன்னிலையில் பேசி வைத்த விதி: எந்த லைனில் ஒரு குளிர்காலம் முழுக்க அடுப்புச் சாம்பலை வாரிக் கொட்டினாரோ, அந்த லைனுக்குத்தான் ஒருவர் ஆடலாம். குலம் கோத்திரம் எதுவும் அதில் இல்லை. கூலிக்கு வருகிறவன் சாம்பல் வார மாட்டான் என்பது அந்தக் காலத்துக் கணக்கு.

"இவ வாரினாளான்னு யாருக்குத் தெரியும்?" என்றார் பார்னி. பிறகு யுதெல்காவின் பக்கம் திரும்பினார். "காலையில எந்திரிச்சதும் முதல்ல என்னம்மா பண்ணுவே? அடுப்பைக் குலுக்குவியா, காத்துக் கதவைத் திறப்பியா?"

நிலக்கரி அடுப்போடு வாழ்ந்தவர்களுக்கு மட்டும் தெரிந்த கேள்வி. எடுத்த எடுப்பில் அடித்தட்டைக் குலுக்கிச் சாம்பலை உதிர்த்தால் நெருப்பு செத்துவிடும். மறுபடி மூட்ட அரை நாள் ஆகும். மேட்டுக்கு மணமுடித்து வந்த முதல் வாரத்தில் நானும் குலுக்கியவன்தான். ஊனா அன்று முழுவதும் மேல்கோட்டோடு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"முதல்ல இந்தக் கிழவியைத் திட்டுவேன்" என்றாள் யுதெல்கா. "அவதானே செவுத்தைத் தட்டி எழுப்புறா. அப்புறம் கீழ்க் கதவைத் திறந்து நெருப்பை மூச்சு விட விடுவேன். புதுக் கரி போடுவேன். நீலமாத் தீ எழுந்ததுக்கு அப்புறந்தான் குலுக்குவேன். அந்தச் சாம்பலைத்தான் உங்க கடைக்கு இறங்குற பாதையில பனி மேல தூவுவேன். ஜனவரியில நீங்க வழுக்கி விழாம வீடு போய்ச் சேர்ந்தீங்களே, தாத்தா, அது என்னோட சாம்பல்."

முதலில் சிரித்தது கீத். பிறகு ஒன்பதாம் நம்பர் முழுவதும். பார்னி குல்லாயைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு, பழைய பந்தை எடுத்து வின்னியிடம் நீட்டினார்.

ஆட்டம் இருபத்தொரு புள்ளி. தொடக்கத்தில் எல்லாம் தப்பாகப் போனது. யுதெல்கா அறைந்த பந்துகள் சுவரில் பட்டு எல்லைக்கு அப்பால் பறந்தன. பார்னி எப்போதும்போல வின்னியின் வலது கைக்கே பந்தை அனுப்பிக்கொண்டிருந்தார். அந்தக் கை சீக்கிரமே வீங்கி, வளைந்த விரல் ஒரு கொக்கி மாதிரி வெளியே தெரிந்தது. பாதி ஆட்டத்தில் அவர்கள் எங்களுக்கு ஏழு புள்ளி முன்னால். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு நான் மரப்பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அதை என்னிடம்தான் கொடுத்திருந்தார்.

தண்ணீர் குடிக்கும் இடைவேளையில் வின்னி யுதெல்காவின் காதருகே குனிந்து பேசுவது தெரிந்தது. என்ன சொன்னார் என்று பிறகு கேட்டேன். "தூங்குற புள்ளையைத் தொட்டில்ல போடுற மாதிரி போடு. அறையாத. அவன் இடுப்பு குனியாது" என்றாராம். அதன் பிறகு யுதெல்கா பந்தை மெதுவாக, சுவரின் அடியில், பார்னி நின்ற இடத்திலிருந்து ஒரு குனிவுக்கு அப்பால் போட ஆரம்பித்தாள். கீத் தனக்கும் மாமனாருக்கும் சேர்த்து ஓடினான். ஓடி ஓடி அவன் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. புள்ளிகள் ஒவ்வொன்றாக நெருங்கி வந்து, இருபதுக்கு இருபது ஆனது. கூட்டத்தில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

கடைசிப் பந்தையும் பார்னி வின்னியின் வலது பக்கத்துக்கே வைத்தார். முப்பது ஆண்டுகளாகப் பலித்த அடி. வின்னி வலது கையை நீட்டவில்லை. அதற்கு முந்தைய நொடியிலேயே, பந்து வரும் முன்பே, உடம்பை முழுவதும் திருப்பிச் சுவருக்கு முதுகு காட்டும் அளவுக்குச் சுழன்றுவிட்டிருந்தார். பந்து இப்போது அவருடைய இடது பக்கம் வந்து இறங்கியது. தரைக்கு ஒரு சாண் மேலே, துணி துவைப்பவர் போலக் குனிந்து, இடது உள்ளங்கையால் ஒரே தள்ளு. பந்து விதவைக் கல்லில் பட்டது. கீத் தரையோடு பாய்ந்தான். பந்து கல்லடியில் விழுந்து, அவன் விரல் நுனிக்குக் கொஞ்சம் முன்னால், சோம்பேறித்தனமாக உருண்டு நின்றது.

அப்போதுதான் ஊதல் ஊதியது. சுரங்கத்தை மூடியபோது கம்பெனி விற்ற இரும்புச் சாமான்களோடு அந்த ஊதலையும் மேட்டுத் தீயணைப்புக் கூடத்துக்கு வாங்கிக் கூரையில் ஏற்றியிருந்தார்கள். எந்த ஆள் ஓடிப்போய் அதைத் திறந்துவிட்டானோ தெரியாது. மலை முழுவதும் எதிரொலித்தது. மேட்டுக்காரர்கள் கட்டிப்பிடித்தார்கள், தொப்பிகளை எறிந்தார்கள், யுதெல்காவைத் தோளில் தூக்கினார்கள். டெஸ்ஸி கூரனை மகள் வீட்டுத் தொலைபேசியில் அழைத்து, தன் கைப்பேசியை ஊதலின் பக்கம் நீட்டிப் பிடித்திருந்தாள் ஒருத்தி. வின்னி மட்டும் ஊதல் சத்தத்தில் திரும்பி, மேட்டுப் பாதையில், தன் வீட்டு வாசலைப் பார்த்தார். வாசலில் எதுவும் நிற்கவில்லை. அதை நன்றாகப் பார்த்துக்கொண்ட பிறகுதான் சிரித்தார். அவர் பல் எல்லாம் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

பார்னியின் கடை முற்றத்தில் மேசை போட்டார்கள். கழுத்துப்பட்டி தைத்த கை, தோலின் தையலை நூலிழை அறாமல் பிரித்தது. உள்ளே நூல்கள் சாம்பலும் பழுப்புமாக இறுகிக் கிடந்தன. எது யாருடையது என்று சொல்ல முடியாது. வின்னி டப்பாவை என்னிடமிருந்து வாங்கித் திறந்தார். முப்பது ஆண்டுச் சாவுகளும் முடிச்சு முடிச்சாக ஒரே உருண்டை. அதைச் சிக்கலில்லாமல் சுற்ற இரண்டாவது ஆள் வேண்டும்.

"பார்னி, இங்க வா. கையை நீட்டு."

"நான் எதுக்கு?"

"தோத்தவன் தானே? நீட்டுடா."

கூட்டம் ஆரவாரித்தது. அறுபத்தெட்டு வயது பார்னி டர்கின், தண்டனை பெற்ற பள்ளிப் பிள்ளை மாதிரி, இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றார். அவர் மணிக்கட்டுகளில் மேட்டின் சாவுகள் சிடுக்கெடுத்து மாட்டப்பட்டன. முதலில் வெளியே வந்தது ஊனாவின் நீலம். உருண்டையில் கடைசியாகச் சேர்ந்தது அதுதான். அது பழைய நூல்களின் மேல் ஒரு வளையமாக ஏறி, அடுத்ததின் கீழே மறைந்தது. அத்தை என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. சுற்றும் விரல் மட்டும் அந்த ஒரு முழத்துக்குக் கொஞ்சம் மெதுவாகப் போனது. ஒவ்வொரு நிறம் வரும்போதும் யாராவது ஒரு பெயரைச் சொன்னார்கள். ஒன்பதாம் நம்பர்காரர்களும் சொன்னார்கள். அவர்களுக்கும் அந்தப் பெயர்கள் தெரியும். கடைசியில் ஒரு கறுப்பு நூல் வந்தது. வின்னியின் அம்மாவினுடைய சால்வை. "வந்துட்டியா? இரு, அப்பா உள்ள இருக்கார்" என்று சொல்லிக்கொண்டே அதை இறுக்கிச் சுற்றினார்.

நூல் தீர்ந்துவிட்டது. ஊசியில் தோல் நூலைக் கோத்தாகிவிட்டது. பார்னி நீட்டிய கைகளை மடக்காமல், வெறும் மணிக்கட்டுகளோடு, பந்தைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார்.

வின்னி ஊசியை மேசையில் குத்தி வைத்தார். இடது கையை நீட்டி, பார்னியின் தலையிலிருந்து ரோசலீன் பின்னிய குல்லாயைக் கழற்றினார். அதன் ஓரத்தை வாயில் வைத்துக் கடித்து, விரலிலிருந்து முழங்கை வரை ஓர் அளவு உருவி, பழுப்பு நுனியைப் பந்தின் மேல் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, சுற்ற ஆரம்பித்தார்.